ஆறு லோடு மண்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அக்கா மூன்று பேருக்கும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லை. அங்கே நீ, மருமகள், குட்டிப்பயல் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். மனசளவில் எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போன வாரத்தில் மட்டும் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாய். உன்னுடைய அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, மடித்து மேசையில் வைத்தாலும் அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டமாட்டேன் என்கிறார், கட்டினால் கிழவன் மாதிரித் தெரிகிறதாம். இப்போது மட்டும் என்ன புது மாப்பிள்ளை மாதிரியா இருக்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள், இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் காய்கறிக் கடையில் அவரைத் தராசு பக்கம் உட்காரவைக்க முடியவில்லை, யார் சிரித்துப் பேசினாலும் கால் கிலோ சேர்த்துப் போட்டுவிடுகிறார். அக்கா என்னைவிட நன்றாகக் கடையைப் பார்க்கிறாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அது என்னிடமிருந்து போனது. உன் பேரில் வாங்கிப் போட்ட மனையில் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது, பாம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார், ஆள் விட்டு வெட்டிச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக வீடு கட்ட வருகிறேன், வருகிறேன் என்கிறாய், புதருக்குத்தான் அங்கே குடியிருக்கக் கொடுத்துவைத்திருந்தது. குழந்தைக்கு ஊட்டும்போது கையில் போனைக் கொடுக்காதே. நீ சாப்பிட அடம் பிடித்தபோது உனக்கு முள்ளங்கியைக் காட்டித்தான் ஊட்டினேன், நீ என்ன கெட்டா போய்விட்டாய் என்று எழுத வந்தேன், இந்த வாரம் அதை எழுதக் கை வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காலையில், முதல் வியாபாரம் ஓய்ந்து நான் டீயைக் கையில் எடுத்த நேரத்தில் தொப்பிக்காரி கடைக்கு வந்தாள். உனக்கு அவளைத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ விமானத்தில் வந்து இறங்கி, ஊர் ஓரத்து நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தாயே, அன்றைக்கு முதல் வரிசையில் ஓலைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவள். சண்டைக்குத் தப்பி, புருஷனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நாடு விட்டு வந்தவள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவள் தொப்பிக்காரிதான், அவளே போனை எடுத்தால் தொப்பிக்காரி பேசுகிறேன் என்றுதான் சொல்கிறாள். நம் பேச்சு அவளுக்குத் தட்டுத் தடுமாறி வரும், எழுத்து வராது. அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவாள். அன்றைக்குக் கொண்டுவந்தது, இப்படி ஓடி வந்தவர்களுக்கு விவசாயம் செய்ய நிலம் கொடுக்கிற உங்கள் திட்டத்தின் முத்திரை போட்ட உறை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். திட்டத்தின் சொத்தான மேல்மண்ணை முன் அனுமதி இன்றி அப்புறப்படுத்திய குற்றம் என்று எழுதியிருந்தது. பதினெட்டாம் தேதி வயல் அலுவலகத்தில் விசாரணை என்றும், குற்றம் உறுதியானால் எல்லா உதவியிலிருந்தும் பெயர் நீக்கப்படும் என்றும் இருந்தது. கடைசி வரியில், நகல் குடியேற்ற அலுவலகத்துக்கு என்று இருந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

அவள் குடும்பம் இந்த ஊரில் தங்குவதற்கான அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. கோப்பில் ஒரு புகார் இருந்தாலே போதும், விசாரணை முடியும்வரை என்று ஓரமாக எடுத்துவைத்துவிடுவார்கள், அனுமதி தேதி தாண்டிவிடும், அப்புறம் நாலு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தாள் அங்கேயும் போகுமா அக்கா என்று மட்டும் கேட்டாள். போகும் என்றேன். பிறகு அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்து, இது யார் என்றாள். நான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்திலிருந்து பல்லி வால் மாதிரி ஒன்று நீண்டு வளைந்து போகிறது. ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய், அதிலும் இதே வால் இருந்தது, அதை வைத்துத்தான் உன்னைப் பிடித்தேன். ஆபீஸ்காரர் யாரோ என்று சொன்னேன். உன்னைப் பெற்ற நாளிலிருந்து உன்னை யாரோ என்று சொன்னது அன்றைக்குத்தான். டீ ஆறிப்போய்விட்டது, கொட்டிவிட்டேன்.

நீ மறந்திருப்பாய், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இந்தத் திட்டம் தொடங்கும்போது நீ என் காலைப் பிடிக்காத குறைதான். அம்மா, நிலம் கொடுக்க ஆள் இருக்கிறது, விதை கொடுக்க ஆள் இருக்கிறது, விளைந்ததை மார்க்கெட்டில் வாங்க நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேண்டும், நீங்கள் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள் என்றாய். நான் தர்மசாலை நடத்தவில்லை, சரக்கு நன்றாக இருந்தால் வாங்குவேன் என்றேன். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, என் அம்மா இந்த நகரத்துக்கு வெறுங்கையோடு வந்தவர், நடைபாதையில் ஒரு கூடையோடு தொடங்கியவர் என்று பேசினாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த நிலத்தையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடிப்போன பழைய தொழிற்சாலையின் பின்வாசல், தலைக்கு மேல் மின்கம்பி, ஒரு பக்கம் நெடுஞ்சாலை, கீழே செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும். ஒன்பது குடும்பத்துக்கு ஒன்பது துண்டு. இதில் என்னடா விளையும் என்று உன் காதில் கேட்டேன். பேருந்தில் இருபது நிமிஷத்தில் மார்க்கெட், அதுதான் அம்மா இதன் மதிப்பு என்றாய். அது சரியான பேச்சு. கீரை வியாபாரத்தில் தூரம்தான் எல்லாம்.

தொப்பிக்காரி முதல் தடவை கீரை கொண்டுவந்தபோது வேரோடு, ஈர மண்ணோடு கொண்டுவந்தாள். எதிர்க்கடை வெங்காயக்காரன், என்னக்கா, கீரை விக்கிறீங்களா நாத்து விக்கிறீங்களா, நட்டுப்போட்டு ஒரு மாசம் கழிச்சு வரட்டுமா என்றான். வேரை வெட்டிக் கழுவிக் கொண்டுவா என்று நானும் அவளிடம் சொன்னேன். மாட்டேன் என்றாள். பேச்சுதான் திக்கித் திக்கி வரும், பிடிவாதம் சரளமாக வரும். என் கடையில் கிடந்த பழைய வாளியில் நாலு விரல் தண்ணீர் ஊற்றிக் கட்டுகளை நிற்கவைத்துவிட்டு, சாயந்திரம் பாருங்கள் என்று போய்விட்டாள். மற்ற கீரையெல்லாம் பதினோரு மணிக்கே துவண்டுபோனது, அவளுடையது ஐந்து மணிக்கும் அப்போதுதான் பறித்த மாதிரி நின்றது. வேலை விட்டு வருகிற பெண்கள் வரிசையாக வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷமாகக் கீரை விற்ற எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெங்காயக்காரனின் பெண்டாட்டியே மாலையில் வேர்க்கீரை இருக்கிறதா என்று ஆள் அனுப்புகிறாள்.

ஆனால் முதல் வருஷம் அவள் நிலம் அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் நிற்காது, வேர் இறங்காது, செங்கலைத்தான் அறுவடை பண்ணினாள். அப்போது ஒரு நாள் என் கடை வாசலில் அழுகல் இலை, கோஸ் தழை, வெங்காயத் தோல் எல்லாம் குவிந்து கிடந்ததைப் பார்த்து, இதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். குப்பை வண்டிக்காரனுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் அவளும் புருஷனும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். என் கடையில் தொடங்கி, அந்த வரிசை முழுக்கக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். அவள் புருஷன் பகலில் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவன், கை இரண்டும் வெந்து சிவந்திருக்கும், அந்தக் கையோடு அழுகல் இலையைப் பொத்திப் பொத்தி அள்ளுவான். மழை, வெயில் என்று ஒரு நாள் விட்டதில்லை. குதிரை லாயத்தில் சாணம், மரக்கடையில் தூள், காப்பிக் கடையில் சக்கை, எங்கே எது சும்மா கிடைக்கிறதோ அதையெல்லாம் கேட்டு வாங்கினாள். அடுக்கி, நனைத்து, புரட்டி, மக்கவைத்து, இருபது பாத்தி. மூன்றாவது வருஷம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையை உள்ளே விடச் சொன்னாள். மணிக்கட்டு வரை பொசுக்கென்று இறங்கியது. கறுப்பாக, வெதுவெதுவென்று, புழு நெளிய நெளிய இருந்தது. அந்த மண்ணில் என் கடையின் மூன்று வருஷக் கழிவு இருக்கிறது, அதனால் அதை யார் செய்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த மண் பதமாகிய மாதத்தில்தான் நீங்கள் சான்றிதழ் கொடுத்தீர்கள். மூன்று வருஷம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் தொடக்க விவசாயி அல்ல, முழு விவசாயி, வாழ்த்துகள், மாதக் கடைசிக்குள் நிலத்தைக் காலி செய்து அடுத்தவருக்கு விடவும். ஒரே தாளில் மாலையும் போட்டுக் கழுத்தையும் பிடித்துத் தள்ளுகிற வித்தையை எங்கேயப்பா படித்தாய்? உன் கட்சியும் எனக்குத் தெரியும். அன்றைக்கே சொன்னாய், வரிசையில் நூறு குடும்பம் நிற்கிறது அம்மா, துண்டு ஒன்பதுதான், யாரும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு எப்போது வாய்ப்பு என்று. நான் முட்டாள் இல்லை, அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் நீ மைக்கில் சொன்ன நடைபாதைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என் கூடையைத் தூக்கி வேறு தெருவில் வைத்திருந்தால் என்னிடம் எந்த வாடிக்கைக்காரி வந்திருப்பாள், நான் எதை வைத்து உன்னைப் படிக்கவைத்திருப்பேன்? முதல் வருஷம் நஷ்டம், இரண்டாவது வருஷம் பழக்கம், மூன்றாவது வருஷம்தான் வியாபாரம். நீங்கள் நஷ்டத்தையும் பழக்கத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, வியாபாரம் வருகிற நேரத்தில் கை தட்டி அனுப்புகிறீர்கள்.

நிலம் தேட உதவுவோம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த உதவி நாலு போன் நம்பராக வந்தது. நான்கையும் என் வாயாலேயே கூப்பிட்டேன். ஒருவர் விற்றுவிட்டேன் என்றார். ஒருவர் பேச்சைக் கேட்டதும் குத்தகைக்காரர் உள்ளூர்தானே என்றார், இல்லை என்றதும் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒன்று பள்ளிக்கூடத்து நம்பர், அதை யார் பட்டியலில் போட்டார்களோ. நாலாவது நிலம் நல்ல நிலம், பெரிய நிலம், இரண்டு பேருந்து மாறி மூன்று மணி நேரம். கீரையை எப்போது பறிப்பது, எப்போது மார்க்கெட்டுக்கு வருவது? அங்கே போய் விளைவித்தால் அவளே உட்கார்ந்து மூன்று வேளையும் தின்ன வேண்டியதுதான். வேறு வழி என்னிடம் இருந்தது. அதை அப்போது நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது அவள் கடைக்கு வந்து வெந்தயக்கீரைக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாம் பேருந்துப் பணிமனைப் பக்கத்து வாடகைக் கடையைக் காலி செய்த கதையைச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும். அலமாரி, கொக்கி, ஆணி, வாசலில் நாமே போட்ட சிமெண்டுப் பலகை வரை பெயர்த்து எடுத்தேன், கடைசியாகப் பல்பைக் கழற்றி உன் மடியில் கொடுத்தேன், வண்டியில் வரும்போது அதை முட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாய். கடையின் சொந்தக்காரர் திட்டினார். உங்கள் சுவர் உங்களிடமே இருக்கிறது, நான் கொண்டுவந்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்றேன். இதைச் சொல்லிவிட்டு அவளிடமும், நீ கொண்டுவந்ததில் ஒரு துரும்பை விடாதே, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வா என்றேன். நான் நினைத்தது தண்ணீர்க் குழாய், கம்பி வலை, பந்தல் கழி, இவ்வளவுதான். அவள் மூன்று நாள் யோசித்திருக்கிறாள். சனிக்கிழமை போன் பண்ணி, நாளைக்கு உங்கள் குட்டி லாரி வேண்டும் அக்கா, மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது என்றாள்.

மண்வெட்டி என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. இதை நீ கவனமாக வாசி. விளங்காமல் லாரி அனுப்பினேன் என்று நான் சொல்லமாட்டேன். டிரைவரிடம் சீக்கிரம் போ, பின்பக்கக் கதவைக் கட்டிக்கொள்ள கயிறு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை, அவர்கள் குடும்பம், அவள் தங்கை குடும்பம் எல்லோரும் சேர்ந்து இருபது பாத்தியையும் அரை அடி ஆழத்துக்கு வழித்து எடுத்தார்கள். ஆறு லோடு. என் கடைக் கிடங்குக்குப் பின்னால் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடினோம். அவள் கடைசி லோடோடு வந்து இறங்கியபோது தொப்பியிலிருந்து செருப்பு வரை மண். முழுக்க எடுத்தாயா என்றேன். நாங்கள் வந்தபோது இருந்த செங்கல் அங்கேயே இருக்கிறது, அதை நாங்கள் தொடவில்லை என்றாள். சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சிரிப்பு மூன்று நாளில் அடங்கியது. புதன்கிழமை ஓர் ஆள் கடைக்கு வந்தான், ஒல்லியாக, கையில் பை. உங்கள் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவன், அவளுடைய துண்டுதான் அவனுக்கு. அவனும் வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஓடி வந்தவன்தான், இரண்டு கைக்குழந்தை. கோபப்படவில்லை, திட்டவில்லை. பையிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தராசு மேல் வைத்தான். பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான், நாலு கொப்புளம். இங்கே போனால் வழி சொல்வார்கள் என்றார்கள் என்றான். அடுத்தவன் வாயில் மண்ணை அள்ளிப் போடுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, நாங்கள் அள்ளி எடுத்ததாலேயே அதைச் செய்திருந்தோம். தொப்பிக்காரியிடம் சொன்னேன். அவள் நல்லவள்தான், ஆனால் அன்றைக்கு முகம் கல்லாக இருந்தது. எனக்கு யார் மண் வைத்துவிட்டுப் போனார்கள் அக்கா என்றாள். அவள் புருஷன்தான் தலையைக் குனிந்துகொண்டு, பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். அவர்களுக்குள் அவர்கள் பேச்சில் சண்டை நடந்தது, எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, எல்லாமே விளங்கியது. இரண்டு ஏழைகளை ஒரு பிடி மண்ணுக்கு எதிரெதிரே நிறுத்திவிட்டு நீ அங்கே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து புகார் தட்டச்சு செய்திருக்கிறாய். அடுத்த நாள் காலையில்தான் அந்த உறை வந்தது.

சரி, நான் செய்ததை இப்போது சொல்கிறேன், இதற்கு அனுமதி கேட்டு எழுதவில்லை, தகவலுக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து என் கடை வரிசையின் கழிவு முழுக்க அந்தப் புது ஆளுக்குப் போகிறது. எப்படி அடுக்குவது என்று தொப்பிக்காரியின் புருஷன் போய்க் காட்டினான், அவளுக்குத் தெரியாமல் போனான், அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் அந்த மண்ணும் கறுத்துவிடும். அன்றைக்கு அவனுக்கும் ஒரு சான்றிதழ் தயாராக வைத்திருப்பாய், இல்லையா?

சனிக்கிழமை உங்கள் வயல் அலுவலகத்துக்குப் போனேன். லாரி என்னுடையது, டீசல் என்னுடையது, யோசனையும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருக்கிற பெண் வாங்கவே பயந்தாள், மேடம், சார் உங்கள் பிள்ளையாயிற்றே என்றாள். அதனால்தான் கொடுக்கிறேன் என்று நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் தொப்பிக்காரியின் அறைக்குப் போய், அந்தக் கையெழுத்து என் மகனுடையது என்று சொன்னேன். ஒற்றை அறை, சன்னலோரத்தில் வெட்டிய டப்பாக்களில் நாற்று, சுவரில் நீங்கள் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அன்றைக்கே தெரியும் அக்கா, கையெழுத்தைப் பார்த்த பிறகு நீங்கள் டீயைத் தொடவே இல்லை என்றாள். அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

என்னிடம் வேறு வழி இருந்தது, அப்போது சொல்லவில்லை என்று எழுதினேனே, அது உன் மனை. மார்க்கெட்டிலிருந்து மூன்று நிறுத்தம், தண்ணீர் இணைப்பு இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. அவள் நிலம் தேடி அலைந்த அத்தனை நாளும் அது எனக்குத் தெரியும். பிள்ளை வந்தால் வீடு கட்டுவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு நிலக்காரர்களைப் பற்றி மேலே வாய் கிழிய எழுதியிருக்கிறேன், ஐந்தாவது நான். அன்றைக்கே அதைத் திறந்துவிட்டிருந்தால் மண்ணை வழிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது, அந்தப் புது ஆளின் கையில் கொப்புளமும் வந்திருக்காது. உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வரியிலும் எனக்கும் பாதி உண்டு, பங்கு போட்டு எடுத்துக்கொள்.

புதர் வெட்டியது பாம்புக்காக இல்லை. நேற்று ஆறு லோடும் அங்கே போய் இறங்கிவிட்டது. தார்ப்பாயைத் தூக்கியபோது அதற்குள்ளேயே கீரை முளைத்திருந்தது, வெளிச்சம் இல்லாமல் வெளிறி, நூல் நூலாக. அதைத் தொப்பிக்காரி ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து நட்டாள். ஆக, திட்டத்தின் சொத்து என்று நீ எழுதியிருக்கிற மேல்மண் இப்போது உன் பேரில் பத்திரம் உள்ள நிலத்தில் இருக்கிறது. பத்திர நகலையும் வயல் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியாகிவிட்டது. பதினெட்டாம் தேதி விசாரணையில் திருட்டு மண் எங்கே என்று கேட்டால், புகார் கொடுத்தவரின் மனையில் என்று எழுத வேண்டியிருக்கும். நகலை அப்புறம் எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்.

அதற்கு முன்னால் புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். நியாயம் புரிந்து எடுத்தால் சந்தோஷம். பெற்றவள் பெயர் கெடுமே என்று எடுத்தாலும், உன் பெயர் கெடுமே என்று எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். வியாபாரி நான், சரக்கு நேரத்துக்கு வந்தால் போதும், எந்த வழியாக வந்தது என்று கேட்கமாட்டேன். அவர்கள் நாலு பேரும் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மூன்று வருஷ விதியைப் பற்றியும் உன் மீட்டிங்கில் ஒரு நாள் பேசு. யாரையும் எழுப்பாமல் இன்னொரு நாற்காலி போட முடியுமா என்று பேசு. அதற்குப் படித்தவன்தானே நீ.

மருமகளுக்கு என் அன்பு, அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஒளிக்காதே. குழந்தையின் தலையில் கை வைத்து என் ஆசீர்வாதத்தைச் சொல். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, கோபத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் நல்ல எடையில்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. வீடு கட்ட வந்தால் எங்களோடு தங்கு, அந்த மனையில் இடம் இருக்காது.

இதோடு ஒரு குத்தகைத் தாள் வைத்திருக்கிறேன். உன் பேரிலிருந்து தொப்பிக்காரி பேருக்கு. எத்தனை வருஷம் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், அதை நீ நிரப்பு. அங்கே மூன்று என்று எழுதினாயானால் என் கடைப் படியேறாதே. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் என் கைக்கு வந்து சேர வேண்டும். வாலை மட்டும் இழுக்காமல் போடு, அவள் அந்த வாலைப் பார்த்தால் பயப்படுவாள்.

இப்படிக்கு,
லாரி அனுப்பிய
உன் அம்மா